எட்டுப் பேர் ஏறும் படகு

அந்த அக்காவை நான் தனியாகப் பார்த்ததே அபூர்வம். பிரிக்ஃபீல்ட்ஸில் மாடிப்படி ஏறி வரவேண்டிய எங்கள் டிராவல்ஸ் அலுவலகத்துக்குக் கிள்ளானிலிருந்து வருவார். வரும்போதெல்லாம் கூடவே ஒருவர் இருப்பார். ஒரு நாள் மாமியார், ஒரு நாள் கொழுந்தனின் மனைவி, பள்ளி விடுமுறை என்றால் கொழுந்தனின் பிள்ளைகள் இரண்டும். யாரும் மேலே ஏறி வராவிட்டால் கீழே காரில் மகன் காத்திருப்பான். அவன் ஹார்ன் அடிப்பான்.

இவர்கள் போதாதென்று கைப்பேசி வேறு. நாற்காலியில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைப்பதற்குள் அது அடிக்கும். "தோ, சொல்லுங்க" என்று எடுப்பார். இரண்டாவது மணி அடிக்க அவர் விட்டு நான் பார்த்ததில்லை. மாமியாரின் கண்ணாடி டிவிக்குப் பின்னால் இருக்கிறது, மகனின் வெள்ளைச் சட்டை இஸ்திரி மேசைக்கு அடியில் இருக்கிறது, நாய்க்குச் சோறு வைத்தாகிவிட்டது, மறுபடி வைக்க வேண்டாம். ஒரு முறை அவர் கணவர் அடுப்படியில் நின்றுகொண்டு காப்பித்தூள் எங்கே என்று கேட்டார். வலது பக்க அலமாரியைத் திறக்கச் சொல்லி, சிவப்பு மூடி போட்ட டப்பாவைத் தள்ளி வைக்கச் சொல்லி, பின்னால் இருப்பதை எடுக்கச் சொல்லி, மூடியை எந்தப் பக்கம் திருகவேண்டும் என்பது வரைக்கும் இங்கிருந்தே சொல்லிக்கொடுத்தார். அவர் கணவர் பத்துப் பன்னிரண்டு லோரி வைத்து ஓட்டும் முதலாளி.

எனக்கு அப்போது கொஞ்சம் பொறாமைகூட இருந்தது. நான் பிரிக்ஃபீல்ட்ஸிலேயே ஒரு வாடகை அறையில் தனியாக இருந்தேன். என்னைக் கூப்பிடுகிறவர் வீட்டுக்காரம்மா ஒருவர்தான், அதுவும் ஹீட்டரை அணைத்தாயா என்று கேட்க. நான் கண்ணாடியை டிவிக்குப் பின்னால் வைத்தால் அது அங்கேயேதான் கிடக்கும்.

அவர்கள் வீட்டில் அக்கா என்றால் எல்லாருக்கும் உயிர். இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. ஒரு முறை போர்ட் டிக்சனுக்குக் குடும்பத்தோடு கிளம்பியிருக்கிறார்கள். அன்று அக்காவுக்குக் காய்ச்சல், அதனால் அவரை மட்டும் வீட்டில் படுக்க வைத்துவிட்டுப் போனார்கள். கடற்கரையில் பாய் விரித்து உட்கார்ந்தவுடன் மாமியாருக்கு மனசு கேட்கவில்லை. மத்தியானத்துக்குள் எல்லாரும் கஞ்சி வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டார்கள். இதை மாமியாரே என் முன்னால் உட்கார்ந்து பெருமையாகச் சொன்னார். எந்த வீட்டில் மருமகளுக்காக இப்படி வருவார்கள் என்று என்னைக் கேட்டார். எங்கேயும் வரமாட்டார்கள் என்றேன். பக்கத்தில் அக்கா சிரித்துக்கொண்டு, மாமியாரின் சேலைத் தலைப்பில் ஒட்டியிருந்த நூலை எடுத்துக்கொண்டிருந்தார்.

உல்லாசப் படகு ஆசை அக்காவுடையது அல்ல, கணவருடையது. அவரோடு தொழில் செய்யும் இன்னொரு லோரி முதலாளி தன் குடும்பத்தை லங்காவியில் தனி யாட் எடுத்துச் சுற்றிக் காட்டிவிட்டு, எடுத்த வீடியோவை எல்லாருக்கும் அனுப்பிவிட்டார். அதைப் பார்த்ததிலிருந்து இவருக்குத் தூக்கம் இல்லை. நாமும் போகிறோம் என்று சாப்பாட்டு மேசையில் அறிவித்தார். எப்படி, எங்கே, எப்போது என்பதெல்லாம் வழக்கம்போல அக்காவின் தலையில் வந்து விழுந்தது. அப்படித்தான் அவர் என்னிடம் வந்தார்.

நான் முதலில் தடுக்கத்தான் பார்த்தேன். வயசானவர்கள், சின்னப் பிள்ளைகள், நாலு நாள் தண்ணீரிலேயே இருக்கவேண்டும். அதற்குப் பதில் ஒரு நல்ல ரிசார்ட் போட்டுத் தருகிறேன், பிடிக்காவிட்டால் எந்த நேரமும் கிளம்பி வந்துவிடலாம் என்றேன். அவர் தலையை ஆட்டினார். ரிசார்ட் வேண்டாம், படகுதான் என்றார். கேமரன் மலைக்குப் போனால் மாமியாருக்குக் குளிர், மறுநாளே திரும்பிவிடுவார்கள். பினாங்குக்குப் போனால் ஈப்போ பக்கம் ஒரு லோரி படுத்துவிடும், கணவர் எல்லாரையும் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். இதுவரை எந்த விடுமுறையும் முழுதாக முடிந்ததில்லையாம்.

பிறகு கேள்விகள் வந்தன. நடுவில் இறங்கி வர முடியுமா? எந்தத் தீவுக்கு அப்பால் போனால் லைன் கிடைக்காது? தாய்லாந்து எல்லைக்குள் போய்விட்டால் நம் சிம் வேலை செய்யாதல்லவா? கேப்டனை வாடிக்கையாளர் திரும்பச் சொன்னால் அவர் உடனே திரும்புவாரா, இல்லை, காற்றைப் பார்த்துத்தான் திரும்புவாரா? பாவம், தண்ணீருக்குப் பயப்படுகிறார் என்று நினைத்தேன். ரோமிங் போட்டுக்கொள்ளலாம், கவலையே படாதீர்கள் என்றேன். அதெல்லாம் வேண்டாம், ஹாலிடே என்றால் ஹாலிடேயாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

கேட்டதோடு நிற்கவில்லை. குறுக்கே வந்த ஒவ்வொன்றையும் அவரே உடைத்தார். படகின் சமையலறைச் சட்டியில் முன்னால் வந்தவர்கள் மாட்டிறைச்சி சமைத்திருப்பார்கள், அதில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டேன் என்றார் மாமியார். மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுக்குப் போய் இட்லிச் சட்டியிலிருந்து கரண்டி வரைக்கும் புதிதாக வாங்கி, இதெல்லாம் படகுக்கு மட்டும் என்று மூட்டை கட்டி வைத்தார் அக்கா. அடுத்து வந்தது ராகு காலம். கிளம்புவது வெள்ளிக்கிழமை. காலை பத்தரைக்கு மேல்தான் படகுத்துறையில் தண்ணீர் ஏறும், அப்போதுதான் எடுக்க முடியும் என்று கேப்டன் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம். மாமியார் அசையமாட்டார். கடல் பஞ்சாங்கம் பார்க்காது பாட்டி என்று நான் சொன்னது எடுபடவில்லை.

அக்கா பரஸ்தானம் வைத்துவிட்டார். நல்ல நேரத்தில் புறப்பட முடியாதவர்கள் தங்கள் பொருள் ஒன்றை முன்னதாகவே நல்ல நேரத்தில் வெளியே அனுப்பிவிடுவார்கள். பொருள் போய்விட்டால் ஆள் போன மாதிரி. முந்தைய நாளே மாமியாரின் சேலை ஒன்றைக் கொழுந்தன் கையில் கொடுத்து லங்காவிக்கு அனுப்பி, வியாழக்கிழமை நல்ல நேரத்தில் படகுக்குள் வைக்கச் சொல்வது என்று ஏற்பாடு. மாமியாருக்கு முகமெல்லாம் சிரிப்பு. இந்த மனுஷிக்குக் கடல்மேல் இவ்வளவு மோகமா என்று நான் ஆச்சரியப்பட்டேன்.

எல்லாம் கூடிவந்த நேரத்தில் ஈப்போவிலிருந்து மாமியாரின் தங்கை வந்து சேர்ந்தார். அக்காவுக்குச் சின்னத்தை. கணவர் இறந்து, பிள்ளைகள் சிங்கப்பூரில், இவர் தனி ஆள். நான் லங்காவியைப் பார்த்ததே இல்லை என்று ஒரு பேச்சுக்குச் சொல்லியிருக்கிறார். படகு எட்டுப் பேருக்குத்தான் அனுமதி பெற்றது. வீட்டில் சரியாக எட்டுப் பேர். அக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லையாம். என் இடத்தில் சின்னத்தை போகட்டும், வீட்டில் சாமி விளக்கு ஏற்ற ஓர் ஆள் வேண்டும், நாயைப் பார்க்கவேண்டும் என்றாராம். கொழுந்தன் மனைவி ஃபோனில் என்னிடம் இதைச் சொல்லிவிட்டு, இப்படி ஒரு மனசு யாருக்கு வரும் என்றாள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. இத்தனை மாதம் ஓடி ஓடிச் செய்தவரை விட்டுவிட்டு மற்றவர்கள் போவதா? யாரும் கேட்காமலே பத்து இடத்தில் விசாரித்தேன். பன்னிரண்டு பேர் ஏறும் படகு ஒன்று காலியாக இருந்தது. அக்காவின் கணவரையே கூப்பிட்டு, "அண்ணே, பெரிய போட் கிடைச்சிருக்கு, அக்காவும் வரலாம்" என்றேன். மனிதர் சந்தோஷத்தில் ஃபோனிலேயே எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார். பின்னால் பிள்ளைகள் கத்தும் சத்தம் கேட்டது. நல்ல காரியம் செய்தேன் என்று அன்றைக்கு நாசி லெமாக்கில் கூடுதலாக ஒரு முட்டை வைத்துச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை, கடையைத் திறந்தவுடன் அக்கா வந்து நின்றார். தனியாக. கொமுட்டர் ரயிலில் வந்திருக்கிறார். பாஸ்போர்ட் பாரத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போனது என்று வீட்டில் சொன்னாராம். கைப்பேசியைப் பையிலிருந்து எடுத்து, சத்தத்தை அணைத்து, மேசைமேல் கவிழ்த்து வைத்தார். அவர் அப்படிச் செய்து நான் அதுவரை பார்த்ததில்லை.

"பெரிய போட் இல்லன்னு சொல்லிடு தங்கச்சி."

ஏன் என்றேன்.

"அந்த யாட் நான் போறதுக்கு இல்லலா. அவங்க போறதுக்கு."

எனக்குப் புரியவில்லை. அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினார்.

"கல்யாணம் ஆகி வந்த நாள்லேர்ந்து அந்த வீட்டுல நான் ஒரு பகல் தனியா இருந்ததில்ல. எனக்கு எங்கயும் போகணும்னு ஆசை இல்ல. யாருமே இல்லாம அந்த வீடு எப்படி இருக்கும்னு பார்க்கணும். அவ்ளோதான்."

வீட்டில் சொல்லிவிட்டே இருக்கலாமே அக்கா என்றேன். சொன்ன பிறகுதான் எவ்வளவு அசட்டுத்தனமாகச் சொன்னேன் என்று உறைத்தது.

"என்னன்னு சொல்றது? அடிக்கிறாங்களா, திட்டுறாங்களா? தங்கமா பார்த்துக்கிறாங்க. இதுல போய் என்ன குறை சொல்றது?"

கேள்விகளெல்லாம் எனக்கு அப்போதுதான் விளங்கின. நடுவில் இறங்க முடியாத படகு, லைன் கிடைக்காத தீவு, வாடிக்கையாளர் சொன்னாலும் உடனே திரும்பாத கேப்டன். சின்னத்தை வராவிட்டாலும் கடைசி நேரத்தில் ஏதாவது சொல்லி இவர் நின்றிருப்பார். இந்தச் சாதுவான மனுஷி ஏழெட்டு மாதமாக என் எதிரில் உட்கார்ந்து ஒரு குடும்பத்தையே கடலில் கொண்டுபோய்ப் பூட்டி வைக்க வழி தேடியிருக்கிறார். நானும் விளம்பரப் படங்களைக் காட்டிக்கொண்டு அதற்கு உதவி செய்திருக்கிறேன். சிரிப்பு வந்தது, அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அப்போதே அவர் கணவரைக் கூப்பிட்டு, பெரிய படகை வேறு யாரோ எடுத்துவிட்டார்கள் என்று பொய் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை அவர்கள் கிளம்பினார்கள். என்னைக் கூப்பிடாதே என்று அக்கா முன்பே சொல்லியிருந்ததால் நான் கூப்பிடவில்லை. சனிக்கிழமை காலையில் அவரே கூப்பிட்டார், முடிந்தால் வந்து போ என்று. கிள்ளான் நிலையத்தில் இறங்கி ஒரு கார் பிடித்துப் போனேன்.

கதவைத் திறந்தவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. நைட்டி போட்டு, தலையை விரித்து விட்டிருந்தார். தொட்டியில் கழுவாத தட்டு கிடந்தது. கூடத்தில் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு, வெறும் தரையில் ஒரு தலையணை போட்டிருந்தார். நேற்றிலிருந்து அங்கேதான் படுத்திருக்கிறாராம். டிவி போடவில்லை. விளக்கு மட்டும் ஏற்றினாராம். ரொட்டியும் மெகியும் சாப்பிட்டாராம், சட்டியிலிருந்தே. இதைச் சொல்லும்போது சின்னப் பெண் மாதிரி வாயைப் பொத்திக்கொண்டார்.

"என்னக்கா செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யல" என்றார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த நிறைவை அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் யார் முகத்திலும் கண்டதில்லை. ஆனால் முதல் நாள் முழுக்கக் காதில் யாரோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்களாம். குளியலறையிலிருந்து இரண்டு தடவை ஈரத்தோடு "தோ வரேன்" என்று வெளியே வந்துவிட்டாராம். இன்றைக்குத்தான் அந்தச் சத்தம் நின்றிருக்கிறது. எனக்கும் ஒரு தலையணை எடுத்துப் போட்டார். இரண்டு பேரும் தரையில் படுத்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தோம்.

அப்போது குளிர்பெட்டிக்கு மேலிருந்த கைப்பேசி அடித்தது.

படகு ஒதுங்கிய தீவில் ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கும், அந்தக் கடையில் வைஃபை இருக்கும் என்பது எனக்குத் தெரியாது. அவர் எழுந்து போய்ப் பெயரைப் பார்த்தார். கணவர். கை தானாக நீண்டது. நீண்ட கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார். மணி அடித்து ஓய்ந்தது, மறுபடி அடித்தது. எடுத்துப் பேசிவிடுங்கள் அக்கா, ரெண்டு வார்த்தை என்றேன்.

"எடுத்தா முடிஞ்சுது. அப்புறம் அவங்க இங்கதான் இருப்பாங்க" என்றார். வந்து மறுபடி படுத்துக்கொண்டார்.

பிறகு என் கைப்பேசி அடித்தது. அவர் தலையை அசைத்தார், நானும் எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வாசல் மணி அடித்தது. பக்கத்து வீட்டுச் சீன அங்கிள் வேலிக் கம்பியைத் தட்டி, "ஆன்டி, ஓ ஆன்டி" என்று கூப்பிட்டார். நாய் குரைத்தது. நாங்கள் இருவரும் தரையோடு தரையாகத் திருடர்கள் மாதிரிக் கிடந்தோம். அவர் உதட்டில் விரல் வைத்திருந்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, அவரும் குலுங்கிக் குலுங்கிச் சத்தமில்லாமல் சிரித்தார். அங்கிளின் செருப்புச் சத்தம் போய்விட்டது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

எவ்வளவு நேரம் ஆனதோ, வாசலில் ஒரு லோரி வந்து நின்றது. கணவரின் டிப்போவிலிருந்து மேற்பார்வையாளரும் இரண்டு டிரைவர்களும். பூட்டை அறுக்கும் சத்தம் கேட்டபோதுதான் அக்கா எழுந்தார். தலையை அள்ளி முடிந்துகொண்டு கதவைத் திறந்தார். இரண்டு பேரும் தூங்கிவிட்டோம் என்றார். மேற்பார்வையாளர் கையெடுத்துக் கும்பிட்டார், அந்த ஆளுக்குக் கண்ணில் தண்ணீர். உடனே கணவரை ஃபோனில் பிடித்து அக்கா கையில் கொடுத்தார்.

கணவர் அழுதுகொண்டிருந்தார். எட்டி நின்ற எனக்கே கேட்டது.

"எனக்கு ஒண்ணும் இல்லங்க. தூங்கிட்டேன். நீங்க இருந்து முடிச்சிட்டு வாங்க" என்றார் அக்கா.

"நீ போன எடுக்காம இருந்ததே இல்ல. எனக்கு உயிரே போயிடுச்சு. கேப்டன்கிட்ட கெஞ்சித் திரும்பிட்டோம், லைன் கிடைக்கிற தூரத்துக்கு வந்தாச்சு."

இருந்துவிட்டு வாருங்கள் என்று அவர் மறுபடி மறுபடி சொல்லிப் பார்த்தார். மாமியார் வாங்கிப் பேசினார், கொழுந்தன் மனைவி பேசினாள், மகன் பேசினான். கடைசியில் கணவர் என்னிடம் ஃபோனைக் கொடுக்கச் சொல்லி, நான் அங்கே இருந்தது எவ்வளவு புண்ணியம் என்றார். நாளைக் காலை முதல் விமானத்தில் எட்டு டிக்கெட் போடமுடியுமா என்றார். அந்தக் கூடத்திலேயே, தலையணைமேல் உட்கார்ந்துகொண்டு, அவர்களைத் திருப்பிக் கொண்டுவரும் டிக்கெட்டை நான்தான் போட்டேன். இருக்கைகள் நிறைய இருந்தன. இல்லாமல் போகக்கூடாதா என்று இருந்தது எனக்கு.

அக்கா அதற்குள் தட்டைக் கழுவி வைத்திருந்தார். திரைச்சீலையை விலக்கினார். அரிசியை ஊறப்போட்டார். இரவு இங்கேயே இரு என்று என்னிடம் சொன்னார். எங்கேயாவது போய்விடலாமா அக்கா, என் அறை இருக்கிறது, ஒரு நாளாவது என்று கேட்டேன். எனக்கும் அப்போது அழுகை வந்தது. அவர் என் தலையைத் தடவி, போய்ப் படு என்றார். மாடியில் தையல் மெஷின் வைத்திருந்த சின்ன அறையில் பாய் போட்டுக் கொடுத்தார். அந்த ஓர் அறைதான் அந்த வீட்டில் அவருடையது.

ஞாயிறு காலை வேன் வந்து நின்றது. வெயிலில் கருத்து, தூக்கம் கெட்டு, கடல் உப்போடு எட்டுப் பேரும் இறங்கினார்கள். பிள்ளைகள் ஓடிவந்து அக்காவின் காலைக் கட்டிக்கொண்டன. மகன் தோளில் சாய்ந்தான். கணவர், அத்தனை பெரிய மனிதர், டிரைவர் முன்னாலேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. மாமியார் சாமி அறைக்குப் போய்த் திருநீறு கொண்டுவந்து அவர் நெற்றியில் பூசினார். கண் கலங்கியிருந்தது. நான் அந்தக் கிழவியை வெறுக்கப் பார்த்தேன், முடியவில்லை.

"இனிமே உன்ன விட்டுட்டு நாங்க ஓரிடத்துக்கும் போகமாட்டோம்மா. சாமி சத்தியமா" என்றார்.

அக்கா சரி அத்தை என்றார். எல்லாரும் பசியாறிவிட்டீர்களா என்று கேட்டார். கணவர் என் பக்கம் திரும்பி, அடுத்த வருஷம் எவ்வளவு பெரிய படகு ஆனாலும் பரவாயில்லை, ஒருவரும் விட்டுப்போகக்கூடாது என்றார். நான் தலையாட்டினேன்.

சின்னத்தை மட்டும் வாசலில் நின்று வேனிலிருந்து தன் பையை இறக்கிக்கொண்டிருந்தார். ஈப்போவுக்குப் போக பஸ் நிலையத்துக்குக் கார் கூப்பிடவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். வரும் வழியெல்லாம் யோசித்துவிட்டாராம், அக்காவின் கணவரும் வேனிலேயே சம்மதித்துவிட்டாராம். நேராக அக்காவிடம் போனார்.

"நான் அங்க தனியா கிடந்து என்ன செய்யப்போறேன்? இனிமே இங்கயே இருந்துடறேன். யாரு எங்க போனாலும் உனக்குத் துணைக்கு நான் இருப்பேன்."

எல்லாரும் அதுதான் சரி என்றார்கள். மெஷின் இருக்கும் அறையைக் காலி செய்தால் ஒரு கட்டில் தாராளமாகப் போடலாம் என்றாள் கொழுந்தன் மனைவி. அக்கா ஒரு நொடி மாடிப்படியைப் பார்த்தார். பிறகு சின்னத்தையின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, "வாங்க சின்னத்தை" என்று சொல்லி முன்னால் ஏறினார்.